பதினெட்டுச் சுற்று

ஊர் முழுக்க இருட்டான பிறகும் செல்லியின் வீட்டில் மட்டும் இரண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. களி கிண்டும் துடுப்பைக் கையில் பிடித்தபடி அவள் சுவிட்சுக்குக் கீழே நின்றாள். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாயிற்று. சட்டியில் களி பாதி வெந்து கிடந்தது.

வாசலில் பக்கத்து வீட்டு மங்கம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னும் இன்னா யோசன? பெரியவரு அங்க பொணமா கெடக்கறாரு. ஊரே அணைச்சிட்ச்சி. ஒன் வூடு மட்டும் கல்யாண வூடு மாதிரி எரியுது."

"சுவிட்ச தொடாதன்னு சொல்லிகீறாருக்கா."

"கரண்டுகாரன் பொண்டாட்டிக்குத் தனி சட்டமா? பழனி வந்து சொல்லிட்டுப் போனது காதுல வுழுந்துச்சா இல்லியா?"

விழுந்திருந்தது. ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் வீடு வீடாகப் போய்ச் சொல்வது பழனியின் வேலை. கால் மணி நேரத்துக்கு முன் அவன் வாசலில் நின்று, "கவுண்டர் வூட்டுப் பெரியவரு போய்ட்டாரு. அடுப்ப அணைங்க, வெளக்க அணைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினான். பெரியவர் என்றால் கோபால்சாமி. ஊரை நடத்தும் ஊர்க்கவுண்டர் ரங்கசாமியின் அப்பா. எட்டு நாளாகக் கஞ்சி இறங்காமல் படுத்திருந்தார்.

தும்பக்காடு என்ற அந்த மலை ஊரில் பிணம் விழுந்தால், அதை எடுக்கும்வரை சாவு வீட்டில் விளக்கு அணையக்கூடாது. மற்ற எந்த வீட்டிலும் விளக்கு எரியக்கூடாது. சிம்னி விளக்கு இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். பல்பு வந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. இடையில் விழுந்த இரண்டு சாவும் கோடையில், ஆற்றில் தண்ணீர் இல்லாமல் மெஷின் சும்மா கிடந்தபோது விழுந்தவை. மெஷின் ஓடும்போது ஊர் காணும் முதல் சாவு இதுதான்.

மெஷினை ஓட்டுகிறவன் செல்லியின் புருஷன் லட்சுமணன். இந்த நேரத்தில் அவன் ஊருக்குக் கீழே ஆற்றோர ஷெட்டில் இருப்பான். மேலே காட்டாற்றைக் கல் அடுக்கி மறித்து, சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டியிலிருந்து நூறடிப் பள்ளத்துக்கு இரும்புக் குழாய் இறங்கியது. குழாயின் முனையில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே பீய்ச்சும் தண்ணீர், ஓரமெல்லாம் கிண்ணம் கிண்ணமாக வைத்த சக்கரத்தில் மோதி அதைச் சுற்ற வைக்கும். சக்கரத்திலிருந்து ஓர் அகலமான பட்டை ஜெனரேட்டருக்குப் போயிற்று. முப்பது வீடு, வீட்டுக்கு இரண்டு நாற்பது வாட் பல்பு. அவ்வளவுதான் தும்பக்காட்டின் மின்சாரம்.

பல்புகளை யாரும் போடவோ அணைக்கவோ கூடாது. மெஷின் ஓடினால் எரியும், நின்றால் அணையும். இது ஏன் என்று செல்லி கேட்டபோது லட்சுமணன் அவளைத் திருகை முன்னால் உட்கார வைத்தான்.

"ராகி அரைக்கறப்ப கை எப்டி போவுது?"

"கனமா போவுது."

"ராகி தீந்துட்டா?"

"கல்லு வெறி புடிச்ச மாதிரி ஓடும். புடி கைய வுட்டுப் பறக்கும்."

"அதான். நம்மூரு பல்புங்கதான் ராகி. தண்ணி ஒரே தள்ளாத்தான் தள்ளும். அரைக்க எதனா இருந்தாத்தான் சக்கரம் நிதானமா சுத்தும். நாலஞ்சி பல்பு ஃபீஸ் போனா சமாளிச்சிக்கலாம். பீப்பாய் தண்ணில சுருள் கம்பி வெச்சிகீறோம். அத்தப் போட்டா மிச்ச கரண்டு தண்ணியச் சுட வெச்சிடும். ஊரே அணைச்சா பீப்பாய் எந்த மூலைக்கு?"

"ஊரே ஏன் அணைக்கப் போறாங்க?" என்று செல்லி அன்றைக்குச் சிரித்தாள்.

இப்போது மங்கம்மாளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். எரியும் பல்பையே பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தில் உடம்பில் துணி இல்லாத மாதிரி செல்லிக்குக் கூசியது. பழனி கீழே போய் மெஷினைத் தணிக்கச் சொல்லியிருப்பான், எப்படியும் இந்நேரம் சொல்லியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சை மேலே தள்ளினாள். ஒன்று. பிறகு இன்னொன்று.

அவர்கள் சாவு வீட்டை நோக்கி நடந்தார்கள். நெருங்கும்போது, ரங்கசாமி வீட்டு வாசலில் தொங்கிய பல்பின் நிறம் மாறியது. எப்போதும் மஞ்சளாக எரிவது வெள்ளையாயிற்று. வெள்ளையில் நீலம் ஏறியது. கூரைப் புல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வாசலில் குந்தியிருந்தவர்களின் நிழல் கரிக்கோடு போலத் தரையில் விழுந்தது. உள்ளே பிணத்தின் தலைமாட்டில் இருந்த பல்பும் அப்படியே பொங்கியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் வாய் திறந்தபடி நிறுத்திவிட்டார்கள். பிறகு இரண்டு பல்பும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

இருட்டில் யாரோ கத்தினார்கள். "ஜோதி! பெரியவரு ஜோதியா போய்ட்டாரு!"

எல்லோரும் கைகூப்பினார்கள். மங்கம்மாளும் கூப்பினாள். செல்லிக்குத் திருகைக் கல் ஞாபகம் வந்தது.

அவள் ஓடினாள். யாரோ ஒருவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பள்ளத்துக்கு இறங்கும் பாதையில் வழக்கமாகக் கேட்பது வண்டு முனகும் சத்தம். இன்றைக்கு சங்கு ஊதுகிற மாதிரி, நிறுத்தாமல், ஒரே மூச்சில் கேட்டது.

ஷெட்டின் கதவு திறந்திருந்தது. குழாய்த் தண்ணீரை அடைக்கும் வால்வுக்குக் கீழே லட்சுமணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை மட்டும் மேலே, வால்வுச் சக்கரத்தின் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. பட்டை அறுந்து மூலையில் கிடந்தது. கொக்கி வைத்துத் தைத்திருந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. அவன் காதுக்குப் பின்னால் ஒரு காயம், நான்கு விரல் அகலம். ரத்தம் அதிகம் இல்லை.

"எந்திரிங்க" என்றாள். "சட்ட நனையுது பாருங்க."

தண்ணீர்ச் சக்கரம் கத்திக்கொண்டே இருந்தது. தோளைத் தொட்டதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் டார்ச்சை அவன் மடியில் வைத்தாள். அவன் கையைக் கம்பிகளுக்குள்ளிருந்து மெதுவாக எடுத்து மடியில் சேர்த்தாள். எழுந்து வால்வுச் சக்கரத்தைப் பிடித்தாள்.

எது நடந்தாலும் வால்வை மூடு, ஆனால் மெதுவாக மூடு என்று அவன் சொல்லியிருந்தான். "நூறடி கொழாய்ல தண்ணி மாட்டு மந்த மாதிரி ஓடியாருது. கதவ டப்புன்னு சாத்துனா முன்னாடி மாடு நிக்கும், பின்னாடி மாடு நிக்குமா? மோதி செவுரு ஒடஞ்சிடும்." குழாயை ஒட்டி மூன்று வீடுகள் இருந்தன. ஒரு சுற்று, ஒரு மூச்சு. ஒரு சுற்று, ஒரு மூச்சு. அவள் வாய்விட்டு எண்ணினாள். ஏழாவது சுற்றில் சத்தம் இறங்கியது. பன்னிரண்டில் சக்கரத்தின் கிண்ணங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. பதினெட்டுக்கு மேல் வால்வு நகரவில்லை.

ஷெட்டுக்குள் குழாய் முனையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. இதற்குப் பிறகு என்ன செய்யவேண்டும் என்று அவன் சொல்லித் தந்ததில்லை.

*

காலையில் ஊரில் இரண்டு வாசலில் பாடை கட்டினார்கள்.

மற்ற மலை ஊர்களிலிருந்து வந்த உறவுக்காரர்கள் முதலில் ரங்கசாமியின் வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு செல்லியின் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் வெளிச்சமாகப் போன கதை அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "வெள்ளையா ஒரு வெளிச்சமாம். வூட்டையே சுத்தி வந்துட்டு வெடிச்சி மேல போச்சாம்." செல்லியின் வீட்டு வாசலில் குரல் தணிந்தது. "பெல்ட்டு அடிச்சிட்ச்சாம்." போலீசுக்குச் சொல்லணுமா என்று ஒருவர் கேட்டபோது மற்றவர்கள் ரங்கசாமியின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அசந்து தூங்கியிருப்பான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "தெனம் ராவெல்லாம் முழிக்கற ஒடம்பு."

"தூக்கமோ, இன்னாமோ. சாராயம் போட்டுகினு இருந்தானோ."

செல்லி அவனுடைய கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அவள் கை இரண்டும் மடியில், எதையோ பிடித்துச் சுற்றுவது போல மடங்கியே இருந்தன. மங்கம்மாள் அந்த விரல்களைப் பிரித்துவிட்டாள். அவை திரும்ப மடங்கிக்கொண்டன.

பத்து மணி இருக்கும், இன்ஜினியர் கலீல் வந்தார். வாணியம்பாடிக்காரர். மெஷினைக் கொண்டுவந்து பொருத்தியவர். விடிவதற்கு முன் யாரோ ஜமுனாமரத்தூர் வரை நடந்து போய்ப் போன் போட்டிருந்தார்கள். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நேராக ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பேண்ட் முழங்கால்வரை ஈரம். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு லட்சுமணனின் முகத்தைப் பார்த்து நின்றார்.

ரங்கசாமி தன் வீட்டு வாசலிலிருந்து எழுந்து வந்தார். இடுப்பில் ஈரத்துணி. அவர் வந்ததும் மற்றவர்களும் கூடினார்கள்.

"பீப்பாய் சுவிட்ச் மூணும் போட்டிருக்கு" என்றார் கலீல். "அப்டின்னா லோடு போயிருக்கு. அதாவது சக்கரத்துக்கு வேல இல்லாம போயிருக்கு. எங்கனா கம்பி அறுந்துச்சா?"

"ஆமா சார், கம்பிதான் அறுந்திருக்கும்" என்றார் ஒருவர் வேகமாக. "நேத்து காத்து."

"கம்பிய பாத்துகினேதான் ஏறி வந்தேன். ஒரு எடத்துலயும் அறுவல."

ரங்கசாமியின் வீட்டுப் பக்கம் ஒப்பாரி உயர்ந்து தணிந்தது.

"தூங்கிட்டு இருந்திருப்பான் சார்" என்றது பின்னாலிருந்து அதே குரல்.

"அப்டி எழுதிட்டா எனக்கு வேல சுளுவு. ரிப்போர்ட்ல ஒரு வரி. ஆனா அடுத்த மாசம் நெல்லிவாசல் பக்கம் இதே மெஷின் வெக்கப் போறோம். ஏன் ஆச்சுன்னு தெரியாம அங்க இன்னொருத்தன எப்டிங்க உக்கார வெக்கறது?" கலீல் நோட்டைத் திறந்தார். "வால்வு முழுசா மூடி இருக்கு. யாரு மூடுனது?"

"நான்தான்" என்றாள் செல்லி.

எல்லோரும் திரும்பினார்கள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

"எத்தினி சுத்து சுத்துனீங்கம்மா? ஞாபகம் இருக்குதா?"

"பதினெட்டு."

அவர் எழுதினார். எழுதிய எண்ணையே பார்த்தார்.

"மொத்தம் நாப்பது சுத்து. நான்தான் வெச்சேன்." குரல் மாறியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து, வகுப்பில் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அப்ப மிச்சம் இருபத்திரண்டு அவரு சுத்தியிருக்காரு. மெதுவா ஒரு சுத்துக்கு அஞ்சாறு செகண்டு ஆவும். ரெண்டு நிமிசம், அதுக்கும் மேல, கத்தற பெல்ட்டு பக்கத்துல நின்னுகினு சுத்தியிருக்காரு. மொதல்ல பீப்பாய் சுவிட்ச், அப்பறம் வால்வு. ஒண்ணு கூட தப்பில்ல. வேகமா மூடிட்டு வெளிய ஓடியிருக்கலாம். ஓடியிருந்தா அவரு இருந்திருப்பாரு. கொழாய் வெடிச்சிருக்கும்."

குழாயை ஒட்டிய மூன்று வீட்டுக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள். அவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தூங்கல" என்றார் கலீல். "ஆனா ஏன் லோடு போச்சி?"

செல்லி ரங்கசாமியைப் பார்த்தாள். அவரது முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. ஆனால் நேற்று வரை இல்லாத ஒரு நிமிர்வு இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அந்த வெளிச்சத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது. எட்டு நாள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியவர் அவர். இந்த வேலைக்கு லட்சுமணன் பெயரைச் சொன்னதும் அவர்தான்.

"பல்பெல்லாம் அணைச்சிட்டோம் சார்."

"எத்தினி வூடு?"

"பெரியவரு வூடு தவர எல்லாம். கடசியா நானு."

"ஏம்மா?"

"ஊர்ல பொணம் வுழுந்தா வெளக்கு வெக்க மாட்டோம்."

கலீலின் பேனா நோட்டின் மேலேயே நின்றது. ரங்கசாமியின் சித்தப்பா மகன் ஒருவன் முன்னால் வந்தான். "இன்னா பேசற நீ? எங்க பெரியப்பாவுக்கு மரியாத பண்ணது தப்புன்றியா? அவரு ஜோதியா போனத ஊரே பாத்துச்சி. ஒன் புருசன் செத்ததுக்கு அவரு மேல பழி போடறியா?"

"பழனி" என்று யாரோ கூப்பிட்டார்கள், உதவிக்குக் கூப்பிடுகிற மாதிரி.

பழனி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். "எல்லா வூட்டுக்கும் சொல்லிட்டு கடசியா ஷெட்டுக்குப் போவலாம்னு இருந்தேன்" என்றான். அதையே மறுபடியும் சொன்னான். "கடசியா போவலாம்னு இருந்தேன்."

செல்லி ரங்கசாமியிடமே பேசினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னாள்.

"திருகைல ராகி தீந்துட்டா கல்லு எப்டி ஓடும் மாமா? அப்டி ஓடிகீது. ஊர்ல ஒங்க வூட்டு பல்பு ரெண்டுதான் பாக்கி. ஆத்துத் தண்ணி மொத்தமும் அந்த ரெண்டு பல்புல போச்சி. அதான் அப்டி எரிஞ்சிது. எரியறப்பவே எனக்குத் தெரிஞ்சிட்ச்சி."

ரங்கசாமி அவளைப் பார்த்தார். பிறகு கலீலைப் பார்த்தார், இல்லை என்று அவர் சொல்லக்கூடும் என்பது போல. கலீல் நோட்டை மூடினார்.

"சுவிட்சே வாணாம் சார்னு லட்சுமணன் அன்னிக்கே சொன்னாரு" என்றார். "வூடுன்னா சுவிட்ச் இருக்கணும், அதான் ரூலுன்னு நான்தான் வெச்சேன்." பிறகு செல்லியிடம், "ஒங்க ரெண்டு பல்பால ஒண்ணும் ஆயிருக்காதும்மா. அதுக்கு முன்னாடியே கைய மீறிப் போயிருக்கும்" என்றார்.

அவள் தன் மடங்கிய விரல்களைப் பார்த்தாள். அந்தக் கணக்கை அவளும் விடிய விடியப் போட்டுப் பார்த்திருந்தாள்.

ரங்கசாமி தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அந்த வாசலில் வெளிச்சத்தைப் பற்றிய பேச்சு கேட்கவில்லை.

*

முதலில் செத்தவர் முதலில் போகவேண்டும். மதியம் திரும்பியதும் பெரியவரின் பாடையைத் தூக்கினார்கள். மேளம் முன்னால் போயிற்று. பின்னாலேயே லட்சுமணனைத் தூக்கினார்கள். குழாயோர மூன்று வீட்டு ஆண்களும் யாரும் கேட்காமலே வந்து தோள் கொடுத்தார்கள். நான்காவது ஆளாகப் பழனி நின்றான். கலீல் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்.

பெண்கள் ஊர் எல்லைப் புளியமரம் வரைதான் போகலாம். செல்லி அங்கே நின்றாள். மங்கம்மாள் அவள் தோளைப் பிடித்திருந்தாள். நேற்று இரவிலிருந்து மங்கம்மாள் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

மரத்தைத் தாண்டியதும் பாதை குறுகியது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் வாய்க்கால். ஒரு பாடைதான் போகமுடியும். பெரியவரின் பாடை அங்கே திடீரென்று நின்றது. முன்பக்கம் தோள் கொடுத்திருந்த ரங்கசாமி நின்றுவிட்டார். பின்னால் தூக்கியவர்கள் தடுமாறினார்கள். "இன்னாண்ணா? கால்ல முள்ளா?" என்று அவருடைய சித்தப்பா மகன் கேட்பது மரத்தடி வரை கேட்டது.

ரங்கசாமி தோளைத் தாழ்த்தினார். முழங்காலை மடக்கினார்.

"எறக்காத! வூட்டுலருந்து தூக்குனத வழில எறக்கக் கூடாது!" ஒரு கிழவர் கத்தினார். குழி வெட்டிய இடத்தில்தான் பாடை மண்ணைத் தொடவேண்டும். இந்த மலையில் யாரும் அதை மீறியதில்லை. ஆனால் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. மற்ற மூவரும் தாழ்த்தாமல் இருக்க முடியவில்லை. பெரியவரைச் சரிவுப் பக்கம் ஒதுக்கிப் புல்லின் மேல் வைத்தார்கள். மேளம் நின்றது.

லட்சுமணனின் பாடை வந்து நின்றது. பழனி என்ன செய்வது என்று தெரியாமல் ரங்கசாமியைப் பார்த்தான். ரங்கசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, போ என்று முன்னால் காட்டினார்.

இடம் போதவில்லை. ஒரு பக்கம் தூக்கியவர்கள் வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில், பாடை சாயாமல் ஒவ்வோர் அடியாக வைத்துக் கடந்தார்கள். அவர்கள் வளைவில் திரும்பி மறையும்வரை ரங்கசாமி தன் அப்பாவின் தலைமாட்டில், ஈரப் புல்லில், குந்தியே இருந்தார்.